எதன் எட்டில் ஒன்று? அல்குவாரிஸ்மீயின் வஸிய்யத் கணக்குகள்: ஒரு மதிப்பீடு

முஸ்லிம்களின் அறிவியல் பங்களிப்பைப் பற்றி நம் இதழ்களில் வெளிவரும் கட்டுரைகளுள் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீயின் பெயர் இடம்பெறாத கட்டுரை அரிது. மீலாது மலர்களும் கல்லூரி ஆண்டு மலர்களும் அவரை 'இயற்கணிதத்தின் தந்தை' என்று தவறாமல் போற்றுகின்றன. 'அல்ஜிப்ரா' என்னும் சொல் அவருடைய நூலின் தலைப்பிலிருந்து பிறந்தது. 'அல்காரிதம்' என்பது அவருடைய பெயரின் லத்தீன் திரிபு. இரண்டும் உண்மையே. ஆயினும் இந்த இரு சொற்களோடு நம் அறிமுகம் முடிந்துவிடுகிறது. அந்த நூலில் என்ன இருக்கிறது, யாருக்காக எழுதப்பட்டது, அதன் நிறை எது, குறை எது என்ற வினாக்களை எழுப்புவார் இல்லை. நாமும் பல ஆண்டுகள் வகுப்பறையில் இப்படித்தான் பேசி வந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

'அல்கிதாபுல் முக்தஸர் ஃபீ ஹிஸாபில் ஜப்ரி வல்முகாபலா' என்பது அந்நூலின் பெயர். அப்பாஸிய கலீஃபா மஃமூன் (ஆட்சி: கி.பி. 813–833) காலத்தில் பக்தாதில் எழுதப்பட்டது. நூலின் பயன் என்ன என்பதை முன்னுரையிலேயே ஆசிரியர் சொல்லிவிடுகிறார். வாரிசுப் பங்கீடு, வஸிய்யத், சொத்துப் பிரிவினை, வழக்கு, வாணிபம், நில அளவை, வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்கே அவர் குறிக்கோள். பட்டியலில் வாரிசுரிமையும் வஸிய்யத்தும் முதலிடம் பெற்றிருப்பதைக் கவனித்தல் வேண்டும். நூலின் ஏறத்தாழப் பாதியை 'கிதாபுல் வஸாயா' என்னும் இறுதிப் பகுதி நிரப்புகிறது. நாம் புகழ்வது இந்நூலின் முன்பாதியை. பின்பாதியைத் திறப்பதே இல்லை.

இந்தப் பின்பாதியைக் குறித்தே இக்கட்டுரை பேசுகிறது. அதிலுள்ள கணக்குகளில் பெரும்பாலானவை, இன்று உயர்நிலைப் பள்ளி மாணவர் 'பின்னங்கள் கொண்ட ஒருபடிச் சமன்பாடு' என்ற தலைப்பில் பயிலும் கணக்குகளே. வர்க்கமூலமோ முப்படியோ இல்லை. பின்னம் உண்டு, அறியாத ஓர் அளவு உண்டு, அவ்வளவுதான். எளியது என்று நாம் எண்ணும் அந்த இடத்தில்தான் மனிதர்களின் உரிமை தவறிப்போகிறது.

இருபது பங்கும் நாற்பத்தொன்றும்

நூலில் வரும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் இறந்துபோகிறாள். கணவன், ஒரு மகன், மூன்று மகள்கள் வாரிசுகள். தன் சொத்தின் எட்டில் ஒரு பங்கையும் ஏழில் ஒரு பங்கையும் அந்நியர் ஒருவருக்கு வஸிய்யத் செய்திருக்கிறாள். எப்படிப் பிரிப்பது?

ஃபராயிள் படித்த மாணவருக்கு முதற்பாதி கடினமன்று. பிள்ளைகள் இருப்பதால் கணவனுக்கு நான்கில் ஒன்று. அஸ்லுல் மஸ்அலா 4. எஞ்சிய மூன்றை மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கில் ஐந்து பேராகப் பகிர வேண்டும். மூன்று ஐந்துக்குப் பகிரப்படாது. இரண்டுக்கும் இடையே தபாயுன். ஆகவே 4-ஐ 5-ஆல் பெருக்கினால் 20. கணவனுக்கு 5, மகனுக்கு 6, மகள்கள் ஒவ்வொருவருக்கும் 3. குவாரிஸ்மீயும் இந்த இருபதிலிருந்தே தொடங்குகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன், இறுதி வகுப்பு மாணவர்களிடம் இக்கணக்கைக் கொடுத்து வஸிய்யத் பெற்றவரின் பங்கைக் கேட்டோம். எட்டில் ஒன்றையும் ஏழில் ஒன்றையும் கூட்டினால் 15/56 என்பதை அனைவரும் சரியாகக் கண்டனர். மூன்றில் ஒன்றை அது மிஞ்சவில்லை. ஆகவே வஸிய்யத் செல்லும் என்பதையும் சொன்னார்கள். அதன் பிறகுதான் வழி பிசகியது. பெரும்பாலோர் இருபதுடன் இருபதின் 15/56 பங்கைக் கூட்டினர். வாரிசுகளுக்கு இருபது, வஸிய்யத்துக்கு அதன் மேல் 15/56. பார்வைக்குப் பொருத்தமாகத் தோன்றும் இந்த விடை தவறானது. இவ்வழியில் வஸிய்யத் பெற்றவருக்கு மொத்தச் சொத்தில் 56-க்கு 15 கிடைப்பதற்குப் பதிலாக 71-க்கு 15 தான் கிடைக்கிறது. சொத்து 5,60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அவருக்கு உரியது 1,50,000 ரூபாய். மாணவர்கள் கொடுத்ததோ 1,18,310 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஏறத்தாழ 31,690 ரூபாய், ஒருவர் உரிமையிலிருந்து, கையெழுத்துச் சுத்தமாக இருந்த ஒரு தாளில் காணாமற்போனது.

பிழை எங்கே? பின்னத்தைக் கூட்டத் தெரியாமையில் அன்று. பின்னம் எதன் பின்னம் என்று கேளாமையில். இறந்தவள் சொன்ன எட்டில் ஒன்று, அவளுடைய முழுச் சொத்தின் எட்டில் ஒன்று. மாணவர் எடுத்ததோ வாரிசுகளுக்கு எஞ்சியதன் பின்னம். முழுமை மாறிவிட்டது; பின்னத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

இந்த இடத்தில் குவாரிஸ்மீ செய்வதைப் பார்ப்போம். ஒரு 'மால்' என்று வைத்துக்கொள். அதிலிருந்து எட்டில் ஒன்றையும் ஏழில் ஒன்றையும் நீக்கு. எஞ்சுவது 56-இல் 41 பங்கு. இதை மீண்டும் முழு மாலாக நிறைவு செய்ய வேண்டுமானால் எஞ்சியதுடன் அதன் 41-இல் 15 பங்கைச் சேர்க்க வேண்டும். ஆகவே வாரிசுகளின் 20 பங்கை 41-ஆல் பெருக்கினால் 820. அதில் 41-க்கு 15 வீதம் 300. இரண்டும் சேர்ந்து 1120. இதில் ஏழில் ஒன்று 160, எட்டில் ஒன்று 140. ஆக 300 வஸிய்யத்துக்கு. மீதி 820 வாரிசுகளுக்கு. கணவனுக்கு 205, மகனுக்கு 246, மகள்கள் ஒவ்வொருவருக்கும் 123. கூட்டிப் பாருங்கள், ஒரு பங்கும் மிஞ்சவில்லை, ஒரு பங்கும் குறையவில்லை.

நீக்கியது 56-இல் 15. சேர்க்க வேண்டியதோ 41-இல் 15. அளவு ஒன்றே, அதை அளக்கும் முழுமைகள் இரண்டு. மூன்றில் ஒன்றை நீக்கினால் எஞ்சியதில் பாதியைச் சேர்க்க வேண்டும். ஒன்பதில் ஒன்றை நீக்கினால் எஞ்சியதில் எட்டில் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதும் இதே விதிதான். இந்தச் செயலுக்கு அவர் ஆளும் வினை 'நிறைவு செய்' என்பது. 'ஜப்ர்' என்னும் சொல்லுக்கு முறிந்த எலும்பைப் பொருத்துதல் என்ற பொருளும் உண்டு. பழைய ஸ்பானிய மொழியில் எலும்பு கட்டும் வைத்தியரை 'அல்ஜெப்ரிஸ்தா' என்றே அழைத்தனர். அரபியில் பின்னத்தைக் குறிக்கும் 'கஸ்ர்' என்னும் சொல்லும் முறிவு என்றே பொருள்படும். முறிந்ததை நிறைவு செய்வதற்கு, முறியுமுன் அது எவ்வளவு இருந்தது என்று முதலில் அறிய வேண்டும்.

பள்ளிவழியும் பழையவழியும்

இதே கணக்கைப் பள்ளி மாணவர் வேறு வழியில் செய்வார். மொத்தச் சொத்தை ஒரு குறியால் குறித்து, அதிலிருந்து அதன் எட்டில் ஒன்றையும் ஏழில் ஒன்றையும் கழித்தால் 20 என்று எழுதுவார். 8, 7 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 56. இருபுறமும் 56-ஆல் பெருக்கினால் இடப்புறம் 56-இலிருந்து 7-உம் 8-உம் போக 41 மடங்கு, வலப்புறம் 1120. ஆகவே சொத்து, 41-இல் 1120 பங்கு. குவாரிஸ்மீயிடம் கண்ட அதே 41, அதே 1120. ஆயிரத்திருநூறு ஆண்டு இடைவெளியில் இரு வழிகளும் ஒரே எண்களில் வந்து நிற்பதைக் காணும்போது மகிழ்ச்சியே உண்டாகிறது.

எந்த வழி சிறந்தது? பழையதே சிறந்தது என்று சொல்லிவிட்டால் நம் வாசகர்களிற் சிலர் மகிழக்கூடும். ஆனால் அது நேர்மையாகாது. பகுதிகளை ஒரேயடியாக நீக்கிவிடும் பள்ளிவழி விரைவானது, எல்லாக் கணக்குக்கும் ஒன்றுபோல் பொருந்துவது, தாளில் சுருக்கமாக அடங்குவது. குவாரிஸ்மீயிடம் குறிகள் இல்லை. எண்களைக்கூடச் சொற்களாலேயே எழுதுகிறார். ஒவ்வொரு கணக்கிலும் நிறைவு செய்ய வேண்டிய பின்னத்தைப் புதிதாகச் சிந்தித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆயினும் பள்ளிவழிக்கு ஒரு விலை உண்டு. 56-ஆல் ஏன் பெருக்குகிறோம் என்று அறியாத மாணவர், இடப்புறத்தைப் பெருக்கிவிட்டு வலப்புறத்து 20-ஐ அப்படியே விட்டுவிடுகிறார். பின்னம் இல்லாத எண்ணைப் பெருக்கத் தேவையில்லை என்று அவருக்குத் தோன்றுகிறது. தராசின் ஒரு தட்டில் மட்டும் எடை போட்டதற்கு இது சமம். பகுதிகள் மறைந்ததும் எது முழுமை என்ற நினைவும் மறைந்துவிடுகிறது. குவாரிஸ்மீயின் மெதுவான நடையில் அந்த நினைவு இறுதிவரை கூடவே வருகிறது. ஆகவே, விதியைப் பள்ளிவழியில் கற்கலாம். பொருளை அவரிடம் கற்கலாம் என்பது நம் முடிவு.

மொழியைப் பற்றி ஒரு சொல். அரபியில் பாதி தொடங்கிப் பத்தில் ஒன்று வரையுள்ள பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு: நிஸ்ஃப், ஸுலுஸ், ருபுஉ என்று உஷ்ர் வரை. அதற்கப்பால் '41 பங்குகளில் 15 பங்கு' என்று விரித்தே சொல்ல வேண்டும். நம் தமிழின் பழைய பின்னப் பெயர்களோ அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகவும், மா, காணி, முந்திரி என்று இருபது, எண்பது, முந்நூற்றிருபது எனவும் செல்பவை. திருமறையின் அந்நிஸா அத்தியாயத்தில் வரும் பங்குகளுள் எட்டில் ஒன்றுக்கு நம்மிடம் 'அரைக்கால்' என்ற தனிச்சொல் உண்டு. மூன்றில் ஒன்றுக்கும் ஆறில் ஒன்றுக்கும் அத்தகைய ஒரு சொல் அந்த வரிசையில் இல்லை. இவற்றை நாம் எப்போதும் 'இத்தனையில் ஒன்று' என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவகையில் இது நன்மையே. 'இத்தனையில்' என்று சொல்லும்போதே 'எந்த இத்தனையில்' என்ற கேள்வி வாசலில் வந்து நிற்கிறது. கேட்பதுதான் நம் கடமை.

கடன்பட்ட மகன்: ரோசனின் அடிக்குறிப்பு

இந்நூலை நவீன உலகுக்கு மீட்டுக் கொடுத்தவர் ஜெர்மானியரான ஃபிரெடரிக் ரோசன். ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்திலிருந்த, கி.பி. 1342-இல் படியெடுக்கப்பட்ட சுவடியைக் கொண்டு 1831-இல் லண்டனில் அரபி மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தையொட்டி. 1837-இல் இளமையிலேயே மறைந்தார். அவருடைய உழைப்புக்கு அரபி கற்றோர் யாவரும் கடன்பட்டுள்ளனர். அந்தக் கடனை ஒப்புக்கொண்ட பிறகே அவருடைய ஒரு குறிப்போடு நாம் வேறுபடுகிறோம்.

வஸிய்யத் பகுதியின் முதற்கணக்கு இது. ஒருவர் இரண்டு மகன்களை விட்டு இறக்கிறார். தம் சொத்தில் மூன்றில் ஒன்றை அந்நியர் ஒருவருக்கு வஸிய்யத் செய்துள்ளார். கையில் இருப்பது 10 திர்ஹம். மகன்களில் ஒருவன் அவருக்குத் தரவேண்டிய கடன் 10 திர்ஹம்.

குவாரிஸ்மீ இப்படிச் செல்கிறார். கடனிலிருந்து வெளிப்படும் தொகையை 'ஷைஉ' என்று கொள்க. அதைக் கையிருப்போடு சேர்த்தால் 10 திர்ஹமும் ஒரு ஷைஉவும். மூன்றில் ஒன்றான 3⅓ திர்ஹமும் ⅓ ஷைஉவும் வஸிய்யத்துக்குப் போக, எஞ்சுவது 6⅔ திர்ஹமும் ⅔ ஷைஉவும். இதை இரு மகன்களுக்கும் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் 3⅓ திர்ஹமும் ⅓ ஷைஉவும். இதுவே ஷைஉவுக்குச் சமம். இருபுறமும் ⅓ ஷைஉவை நீக்கினால் ⅔ ஷைஉ 3⅓ திர்ஹத்துக்குச் சமம். ⅔-ஐ நிறைவு செய்ய அதில் பாதியைச் சேர். 3⅓-இலும் அதில் பாதியைச் சேர். ஷைஉ 5 திர்ஹம். அந்நியருக்கு 5, கடன்படாத மகனுக்கு 5. கடன்பட்ட மகனின் பங்கான 5 அவன் கடனிலேயே கழிகிறது.

ரோசன் இதையே அடிக்குறிப்பில் குறிகளால் இரண்டு வரியில் முடிக்கிறார், விடை ஒன்றே. ஆனால் அந்த மகன் தரவேண்டிய மீதி 5 திர்ஹம் என்னவாயிற்று? அது தந்தையின் அன்பளிப்பாக அவனிடமே தங்கிவிடும் என்பது ரோசனின் விளக்கம். இதை நாம் ஏற்பதற்கில்லை. இறந்தவருக்கு வரவேண்டிய கடன் அவருடைய சொத்தைச் சேர்ந்தது. தந்தை மன்னிக்காத கடனை மகன் அன்பளிப்பாக எடுத்துக்கொள்ள வழியில்லை. அந்த மகனால் இப்போது செலுத்த இயலவில்லை என்ற நிலையில், கைக்கு வந்த அளவை மட்டும் பங்கிடுவதே இக்கணக்கின் கருத்து என்று நாம் கொள்கிறோம். ஷைஉ என்பது 'கடனிலிருந்து வெளிப்படுவது' என்ற ஆசிரியரின் சொல்லாட்சியே இதற்குச் சான்று. இன்னும் வெளிப்படாதது கடனாகவே நிற்கிறது.

ஃபிக்ஹ் நூல்களில் இது புதிய செய்தியன்று. இமாம் ஸரக்ஸீ (ரஹ்) அவர்களின் 'அல்மப்ஸூத்'தில் 'அல்அய்ன் வத்தைன்' (கையிருப்பும் கடனும்) என்ற பெயரிலேயே ஒரு நூற்பகுதி உண்டு. கணக்கும் இதற்கு இசைகிறது. பின்னொரு நாள் அம்மகன் வசதி பெற்றால் முழுச் சொத்து 20 திர்ஹமாகும். ஒவ்வொருவர் பங்கும் 6⅔. அப்போது அவன் 6⅔-ஐத் தன் பங்காகக் கழித்துக்கொண்டு 3⅓-ஐத் தர வேண்டும். அது அந்நியருக்கு 1⅔, சகோதரனுக்கு 1⅔ எனச் சென்று சேரும். முன் பெற்ற ஐந்துடன் சேர்த்தால் இருவருக்கும் 6⅔ நிறைவடையும். ரோசனின் 'அன்பளிப்பு' இந்த 3⅓ திர்ஹத்தை இருவரிடமிருந்தும் எடுத்துவிடுகிறது. சமன்பாட்டில் பிழையில்லை, சமன்பாட்டுக்கு வெளியே நின்ற எண்ணை மறந்ததில்தான் பிழை.

மரண நோயில் ஒரு திருமணம்

ரோசன் இதைவிடக் கடுமையான ஒரு தீர்ப்பும் வழங்கினார். நூலின் இறுதியிலுள்ள 'தவ்ர்' கணக்குகளில் சமன்பாடுகள் சரியாகவே தீர்க்கப்பட்டுள்ளன. ஆனால் அவற்றை அமைக்கும்போது, அக்காலச் சட்ட அறிஞர்களின் விதிகளுக்கு ஒத்துவர வேண்டும் என்பதற்காக, கணக்கில் இல்லாத ஊகங்கள் தன்னிச்சையாகப் புகுத்தப்பட்டுள்ளன. ஆகவே கணித நோக்கில் அவை பெரும்பாலும் தவறானவை என்பது அவர் கருத்து. நூறாண்டுக்கு மேல் இக்கருத்துக்கு முறையான மறுப்பு எழவில்லை. 1938-இல் யூத அறிஞர் சாலமன் காண்ட்ஸ் 'ஒசைரிஸ்' ஆய்விதழில் விரிவான கட்டுரை எழுதி, அந்த 'ஊகங்கள்' இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டத்தின் விதிகளே என்று நிறுவினார். தன் சமயச் சட்ட மரபை அறிந்த ஒருவருக்குப் பிறிதொரு சமயச் சட்ட மரபின் உள்ளோட்டம் புலப்பட்டதில் வியப்பில்லை. வியப்பு, அந்த மறுப்பு நம்மவர் ஒருவரிடமிருந்து வராமற்போனதில்தான்.

ஒரு கணக்கைக் காண்போம். மரண நோயிலிருக்கும் ஒருவர் ஒரு பெண்ணை மணந்து 100 திர்ஹம் மஹராகக் கொடுக்கிறார். அதைத் தவிர அவருக்கு வேறு சொத்து இல்லை. அப்பெண்ணுக்குரிய மஹ்ருல் மிஸ்ல் 10 திர்ஹமே. பிறகு அப்பெண் தன் சொத்தில் மூன்றில் ஒன்றை வஸிய்யத் செய்துவிட்டு முதலில் இறக்கிறாள். அதன் பின் கணவர் இறக்கிறார்.

மரண நோயில் அளித்த மிகைத் தொகை வஸிய்யத்தின் நிலையைப் பெறும். அது மூன்றில் ஒன்றுக்கு மேற்படலாகாது. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றை அனுமதித்து, அதுவும் அதிகமே என்று அறிவுறுத்திய ஹதீஸை வாசகர்கள் அறிவர். அப்படியானால் 90-இல் மூன்றில் ஒன்றான 30-ஐக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுத்துப் பார்ப்போம். அவளிடம் 40 இருக்கும். அதில் மூன்றில் ஒன்று வஸிய்யத்தாகப் போக எஞ்சுவது 26⅔. பிள்ளையில்லாத மனைவியின் சொத்தில் பாதியான 13⅓ கணவருக்கே திரும்பிவரும். அவருடைய வாரிசுகளிடம் 60-உம் 13⅓-உம் சேர்ந்து 73⅓. ஆனால் 30 மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டுமானால் அவர்களிடம் 60 தானே இருக்க வேண்டும்? பெண்ணுக்குக் குறைத்துவிட்டோம். 40 கொடுத்தால் எதிர்ப்புறம் குறைந்துவிடும். கொடுப்பது கூடினால் திரும்பி வருவதும் கூடுகிறது. திரும்பி வருவது கூடினால் மூன்றில் ஒன்றும் கூடுகிறது. இச்சுழற்சிக்கே 'தவ்ர்' என்று பெயர்.

குவாரிஸ்மீ மிகையை ஷைஉ என்கிறார். பெண்ணிடம் 10-உம் ஷைஉவும். மூன்றில் ஒன்று போக 6⅔-உம் ⅔ ஷைஉவும். பாதி கணவருக்கு: 3⅓-உம் ⅓ ஷைஉவும். கணவரின் வாரிசுகளிடம் சேர்வது, ⅔ ஷைஉ குறைந்த 93⅓. இது ஷைஉவைப் போல் இரு மடங்காக இருக்க வேண்டும். குறைவை ஈடுசெய்தால் 93⅓ என்பது 2⅔ ஷைஉவுக்குச் சமம். ஷைஉ, 93⅓-இன் எட்டில் மூன்று பங்கு, அதாவது 35.

சரிபார்ப்போம். பெண்ணிடம் 45, வஸிய்யத் 15, எஞ்சியது 30, கணவருக்கு 15. அவர் வாரிசுகளிடம் 55-உம் 15-உம் சேர்ந்து 70. அது 35-இன் இரு மடங்கு. கணவர் விட்டுச் சென்றதும் மிகையும் சேர்ந்து 105. அதன் மூன்றில் ஒன்று 35. இதில் தன்னிச்சையான ஊகம் எங்கே இருக்கிறது? 'எதன் மூன்றில் ஒன்று' என்ற கேள்விக்குச் சட்டம் சொன்ன விடையைச் சமன்பாடு அப்படியே பின்பற்றியிருக்கிறது. ரோசன் அந்த விடையை அறியாதிருந்தார். அதனால் விடையையே பிழை என்றார்.

குவாரிஸ்மீயின் குறைகள்

ரோசனைக் குறை கூறிவிட்டு நூலாசிரியரை விட்டுவிடுதல் நடுநிலையாகாது. ரோசன் வழி தவறியதற்கு அவரும் ஒரு காரணம். கடன்பட்ட மகனால் செலுத்த இயலாது என்ற முன்நிபந்தனையை அவர் விரித்துரைக்கவில்லை. மிகை மஹர் வஸிய்யத்தாகக் கருதப்படும் காரணத்தைப் புறவாசகனுக்கு விளக்கவில்லை. முன்பாதியில் இருபடிச் சமன்பாடுகளுக்கு வரைபடம் வரைந்து அறிவுக்கு இசையும்படி காரணம் காட்டிய அதே ஆசிரியர், பின்பாதியில் கணக்குக்குப் பின் கணக்காக அடுக்கிச் செல்கிறார். பொதுவிதியைத் தனித்து நிறுத்திச் சொல்வதில்லை. தம் காலத்துக் காஜிகளுக்கும் ஃபகீஹ்களுக்கும் எழுதியதால் அவர்கள் அறிந்ததைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை என்று எண்ணினார் போலும். ஆனால் நூல்கள் காலத்தைக் கடந்து செல்கின்றன. முன்னறிவு கூடவே செல்வதில்லை.

மற்றோர் ஆட்சேபம் நம் மரபின் உள்ளிருந்தே எழுந்தது. இப்னு கல்தூன் (கி.பி. 1332–1406) தம் முகத்திமாவில், ஃபராயிள் நூலாசிரியர்கள் கணக்குப் பகுதியில் எல்லைமீறிச் சென்று, நடைமுறையில் அரிதாக நிகழும் சிக்கல்களைப் புனைகிறார்கள் என்ற கருத்தை முன்வைக்கிறார், பயிற்சிக்கு மட்டும் அவை உதவும் என்கிறார். இதில் நியாயம் உண்டு. மரண நோயில் மணம் முடித்து, மனைவி முந்தி இறக்கும் வழக்கு நம் ஊர் ஜமாஅத்துகளில் எத்தனை முறை வரும்? ஆனால் எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் வராவிட்டாலும், வஸிய்யத் வருகிறது. கடன்பட்ட மகன்கள் வருகிறார்கள். தந்தையின் கடையில் எடுத்த பணத்தைத் திருப்பித் தராத மகன் இல்லாத பாகப்பிரிவினையை நாம் அதிகம் கண்டதில்லை. அரிய கணக்கில் பெற்ற பயிற்சிதான் அன்றாடக் கணக்கில் கைகொடுக்கிறது.

பிரிந்துபோன இரண்டு பாதிகள்

கி.பி. 1145-இல் செஸ்டர் ராபர்ட்டும், அந்நூற்றாண்டிலேயே கிரிமோனா ஜெரார்டும் இந்நூலை லத்தீனில் பெயர்த்தபோது வஸிய்யத் பகுதியை விட்டுவிட்டனர். இஸ்லாமிய வாரிசுச் சட்டம் ஐரோப்பியருக்குப் பயன்படாது. அவர்களைக் குறைகூற முடியாது. அவர்கள் வஸிய்யத் இல்லாத ஜப்ரை எடுத்துக்கொண்டார்கள். நம் இன்றைய பாடத்திட்டமோ ஜப்ர் இல்லாத வஸிய்யத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. முன்னோர் இப்படிப் பிரித்ததில்லை. நாம் ஓதிக் கொடுக்கும் 'ஸிராஜிய்யா'வின் ஆசிரியர் ஸஜாவந்தீ (ரஹ்) கணக்கியலில் 'அத்தஜ்னீஸ்' என்னும் தனி நூல் எழுதியவர். ஷாஃபிஈ மத்ஹபின் இப்னுல் ஹாயிம் (ரஹ்) ஃபராயிளிலும் ஜப்ரிலும் ஒருங்கே நூல்கள் செய்தவர். அவர்களுக்கு இவை இரண்டு கலைகளாக இருந்தன. இரண்டு உலகங்களாக இருக்கவில்லை.

நம் மாணவர் காலையில் தஸ்ஹீஹ் செய்கிறார். மாலையில் பொதுத்தேர்வுக்காகச் சமன்பாட்டின் பகுதிகளை நீக்குகிறார். இருபதை நாற்பத்தொன்றால் பெருக்குவதும், சமன்பாட்டை ஐம்பத்தாறால் பெருக்குவதும் ஒரே செயலின் இரு வடிவங்கள் என்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை. காலையில் மனனம், மாலையில் அச்சம். நம் கருத்து எளியது. ஃபராயிள் பாடத்தில் வஸிய்யத் அதிகாரம் வரும்போது இந்த மூன்று கணக்குகளையேனும் பலகையில் இரு வழியிலும் செய்து காட்டலாம். இதற்குப் புதிய பாடநூல் தேவையில்லை. ஒரு வாரம் போதும். கெய்ரோவில் முஷர்ரஃபாவும் முஹம்மது முர்ஸீ அஹ்மதும் 1937-இல் பதிப்பித்த அரபி மூலம் ஆசிரியர்களுக்கு உதவும்.

நாம் அவ்வாறு செய்து பார்த்தோம். மறு ஆண்டு அதே கணக்கைக் கொடுத்தபோது வகுப்பின் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர், எழுதுகோலை எடுக்குமுன் கேட்டார்: “உஸ்தாத், எதன் எட்டில் ஒன்று? சொத்தின் எட்டில் ஒன்றா, வாரிசுகளுக்கு எஞ்சியதன் எட்டில் ஒன்றா?” அவருடைய விடைத்தாளைத் திருத்துவதற்கு முன்பே நமக்கு மனம் நிறைந்துவிட்டது. உரியவருக்கு உரியதைச் சேர்க்கும் கணக்கு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. வல்லாஹு அஃலம்.